பழைய காசுக்கு எண்ணெய் போடலாமா? தாத்தாவின் பிஸ்கட் டப்பாவில் நான் கற்ற பாடம்



'வீட்டில் தூங்கும் சொத்துகள்'னு நம்ம சேனல்ல ஒரு வீடியோ போட்டிருந்தோம். அதுக்கு அப்புறம் பல பேர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி இதுதான்: "தாத்தா காலத்துச் செப்புக் காசு இருக்கு. பச்சை பிடிச்சிருக்கு. எண்ணெய் போட்டுத் துடைச்சு வச்சா நல்லா இருக்குமா? நல்ல விலைக்குப் போகுமா?"

இதுக்குப் பதில் சொல்ல என்னை விட்டா சரியான ஆள் கிடையாது. ஏன்னா, எண்ணெய் போட்டுக் காசைக் கெடுத்தவனே நான்தான்.

எங்க தாத்தா புதுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன மளிகைக்கடை வச்சிருந்தார். கல்லாவுல வந்த காசுல, மனசுக்குப் பிடிச்சதை எடுத்து ஒரு பிஸ்கட் டப்பாவுல போட்டு வைக்கிறது அவர் பழக்கம். 1835-னு வருஷம் போட்ட கிழக்கிந்தியக் கம்பெனி காலணா, நடுவுல வட்டமா ஓட்டை போட்ட 1943 காலணா, புதுக்கோட்டை அம்மன் காசு, ரெண்டு மூணு வெள்ளி ரூபாய். மொத்தம் 31 காசு. அவர் போன பிறகு டப்பா என் கைக்கு வந்தது.

ஒரு ஞாயித்துக்கிழமை, சும்மா இருக்க முடியாம டப்பாவைத் திறந்தேன். எல்லாம் கறுப்பும் பழுப்புமா அழுக்கா இருந்தது. புளியும் உப்பும் போட்டுத் தேய்ச்சேன். அடேங்கப்பா, புதுச் செப்புக்குடம் மாதிரி பளபளன்னு ஆயிடுச்சு! இந்தப் பளபளப்பு போயிடக் கூடாதுன்னு தேங்காய் எண்ணெய் தடவி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு, அலமாரியில பத்திரமா வச்சேன்.

ஒரு வருஷம் கழிச்சு எனக்கு வேலை போச்சு. எமர்ஜென்சி ஃபண்ட் மூணு மாசத்துக்குத்தான் இருந்தது. நாலாவது மாசம் வாடகைக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சப்போ, டப்பா ஞாபகம் வந்தது. திறந்து பார்த்தா, கவருக்குள்ள காசெல்லாம் பச்சைப் பசையில ஒட்டிக்கிட்டு இருக்கு. விரல்ல தொட்டா பச்சையா வழியுது.

அம்மா எட்டிப் பார்த்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க: "ஏன்டா, நம்ம வீட்டுக் குத்துவிளக்கை நாலு நாள் தேய்க்காம விட்டா என்ன ஆகும்னு நீ பார்த்ததே இல்லையா?"

அந்தக் கேள்வியிலதான் இந்தக் கட்டுரையோட மொத்த வேதியியலும் இருக்கு. அதுக்குப் பிறகு வர்றேன். முதல்ல பணக் கணக்கு.

அழுக்குக் காசுக்கு அதிக விலை

மிச்சம் மீதியைத் துடைச்சு எடுத்துக்கிட்டு, சென்னையில நடந்த ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போனேன். அங்க ஸ்டால் போட்டிருந்த ஒரு பெரியவர் லென்ஸ் வச்சு ஒவ்வொண்ணா பார்த்தார். ரெண்டே நிமிஷம்.

"தம்பி, இதை எதுல போட்டுத் தேய்ச்சீங்க?"

"புளியில சார்."

அவர் திட்டவெல்லாம் இல்லை. காசுகளை ஓரமா நகர்த்தி வச்சுட்டு, "வேற எதாவது இருக்கா?"ன்னு கேட்டார். டப்பாவோட அடியில, நான் கவனிக்காம விட்ட ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. அதுல ரெண்டு 1835 காலணா, நாலு அம்மன் காசு. தாத்தா மடிச்சு வச்சபடியே இருந்தது. பழுப்பு நிறம், தேய்க்காத காசு. அதைப் பார்த்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஒரே வருஷத்து, ஒரே வகைக் காலணா. நான் தேய்ச்சதுக்கு அவர் சொன்ன விலையை விட, தேய்க்காததுக்குச் சொன்ன விலை நாலு மடங்கு. "அழுக்குன்னு நீங்க நினைச்சீங்க பாருங்க, அதுதான் தம்பி இதோட தோல். தோலை உரிச்சுட்டு எண்ணெய் தடவினா என்ன பிரயோஜனம்?"

அன்னைக்கு அந்த ரெண்டு காலணாவை வித்தேன். அம்மன் காசை மட்டும் விக்க மனசு வரலை. வந்த பணம் வாடகைக்குப் பத்தலை. மத்த காசுகளை நான் தொடாம இருந்திருந்தா பத்தியிருக்கும்.

செப்புக் காசுக்குத் தரை விலை கிடையாது

நம்ம மாதிரி சம்பளக்காரங்க முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது இது.

பிரிட்டிஷ் இந்தியாவோட வெள்ளி ரூபாய் 11.66 கிராம் எடை. அதுல 91.7 சதவீதம் வெள்ளி. அதாவது ஒரு ரூபாய்க் காசுல சுமார் 10.7 கிராம் சுத்த வெள்ளி இருக்கு. 1940-ல வெள்ளி அளவைப் பாதியாக் குறைச்சாங்க. 1947 ரூபாய் நிக்கல். ஆனா பழைய வெள்ளி ரூபாயை நீங்க எவ்வளவு மோசமாத் தேய்ச்சுக் கெடுத்தாலும், இன்னைக்கு வெள்ளி விலையை 10.7-ஆல பெருக்கினா வர்ற தொகை கிட்டத்தட்ட கையில நிக்கும். இதைத்தான் தரை விலைன்னு சொல்றேன். அதுக்குக் கீழ பெருசா இறங்காது.

செப்புக் காசுக்கு அந்தத் தரை இல்லை. 1835 காலணாவோட எடை சுமார் 6.5 கிராம். செம்பு கிலோ 1,000 ரூபாய்னு வச்சுக்கிட்டாலும் அதுல இருக்கிற செம்போட விலை ஆறரை ரூபாய்தான். அதுக்கு மேல ஒருத்தர் குடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் மூணு விஷயத்துக்காகத்தான்: எவ்வளவு அரிது, எவ்வளவு தேயாம இருக்கு, மேற்பரப்பு எவ்வளவு இயல்பா இருக்கு. முதல் ரெண்டையும் நீங்க மாத்த முடியாது. மூணாவது முழுக்க உங்க கையில. அதைத்தான் நாம புளியிலயும் எண்ணெயிலயும் போட்டுத் தொலைக்கிறோம்.

குத்துவிளக்கு சொல்லும் வேதியியல்

இப்ப அம்மா கேட்ட கேள்விக்கு வருவோம்.

புதுச் செம்பு சிவப்பா இருக்கும். காத்துல இருக்கிற ஆக்சிஜன் பட்டுப் பட்டு அது மேல பழுப்பு நிறத்துல ஒரு மெல்லிய படலம் வரும். இது துரு மாதிரி உள்ளே தின்னுக்கிட்டே போற விஷயம் இல்லை. ஒரு அளவுக்கு அடியில இருக்கிற செம்பைக் காப்பாத்துற போர்வை. நூறு வருஷமா மெதுவா உருவான அந்தப் போர்வையைத்தான் சேகரிப்பாளர்கள் 'பாட்டினா'ன்னு சொல்றாங்க.

புளி ஒரு அமிலம். அது இந்தப் படலத்தைக் கரைச்சு எடுத்துடும். கூடவே போட்ட உப்பு இன்னும் மோசம். உப்புல இருக்கிற குளோரைடு, காசோட நுண்ணிய குழிகள்ல தங்கிடும். ஈரம் பட்டா அது செம்போட சேர்ந்து பச்சையாகும். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்துல பாட்டி ஏன் ரசம் வைக்க மாட்டாங்கன்னு யோசிச்சிருக்கீங்களா? காரணம் இதேதான். புளிப்பு பட்டா செம்பு கரையும்.

சரி, எண்ணெய் என்ன பண்ணும்? குத்துவிளக்குல எண்ணெய் வழிஞ்ச இடத்தைப் பாருங்க. தண்ணி பட்ட இடத்தை விட எண்ணெய் தேங்கின குழியிலதான் பச்சைப் பசை அதிகமா இருக்கும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய், நெய் எதுவா இருந்தாலும் அதுல கொழுப்பு அமிலங்கள் இருக்கு. நாளாக ஆக எண்ணெய் சிக்கு வாடை அடிக்குதில்லையா, அப்போ அமிலம் இன்னும் கூடும். அந்த அமிலம் செம்போட சேர்ந்தா கிடைக்கிறது பச்சை நிறத்துல ஒரு வகை சோப்பு. நாம களிம்புன்னு சொல்றோமே, விளக்குல வர்ற அந்தப் பச்சைப் பசையில பெரும்பங்கு இதுதான்.

விளக்கை வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை தேய்ச்சுடலாம். காசை அப்படித் தேய்க்க முடியாது. ஒவ்வொரு தடவையும் பொறிச்ச எழுத்துல கொஞ்சம் போயிடும்.

சுருக்கமா: சமையலறையில இருக்கிற எந்த எண்ணெயும் காசுக்கு ஆகாது.

அப்போ எண்ணெய்ங்கிற யோசனை எங்கிருந்து வந்தது?

இது யூடியூப்ல யாரோ கிளப்பி விட்ட கதை மட்டும் இல்லை. ரெண்டு உண்மையான பழக்கங்கள் இருக்கு. ரெண்டையும் கலந்து குழப்பிக்கிறதாலதான் பிரச்சனை.

முதலாவது, மண்ணுக்குள்ள இருந்து எடுத்த ரோமானிய வெண்கலக் காசுகள். ஐரோப்பாவுல அதை மாசக்கணக்கா ஆலிவ் எண்ணெயில ஊற வைக்கிற பழக்கம் இருந்தது. நோக்கம் பாதுகாப்பு இல்லை. மேல கெட்டியா ஒட்டியிருக்கிற மண் கட்டியை இளக்குறது. அதுவும் எப்படி இளகுதுன்னா, எண்ணெயில இருக்கிற அமிலத்தாலதான். கட்டியோட சேர்த்துக் காசோட மேற்பரப்பையும் அது தின்னும்னு தெரிஞ்ச பிறகு, விவரம் தெரிஞ்சவங்க வடிநீருக்கு மாறிட்டாங்க. டிஸ்டில்டு வாட்டர்ல ஊற வச்சு, தண்ணியை மாத்திக்கிட்டே இருக்கிற பொறுமையான முறை.

ரெண்டாவது, அமெரிக்காவோட பழைய செப்பு சென்ட். 1793-லேர்ந்து 1857 வரைக்கும் அச்சடிச்ச பெரிய சென்ட் காசுகளை அங்க 'லார்ஜ் சென்ட்'னு சொல்வாங்க. அதைச் சேகரிக்கிறவங்க 1967-ல தனியா ஒரு சங்கமே ஆரம்பிச்சாங்க. ரொம்ப மென்மையான பிரஷ்ஷால, மினரல் ஆயிலை ஒரு மெல்லிய படலமா பூசி வைக்கிறது அவங்க வட்டாரத்துல பழைய வழக்கம். காத்தும் ஈரமும் செம்பைத் தொடாம இருக்க அந்தப் படலம் ஒரு தடுப்பு.

இந்த மினரல் ஆயில்தான் விஷயமே. இது செடியிலேர்ந்து வர்றது இல்லை. பெட்ரோலியத்தைச் சுத்திகரிச்சு எடுக்கிறது. இதுல கொழுப்பு அமிலம் கிடையாது, சிக்குப் பிடிக்காது, செம்போட சேராது. நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்ல 'லிக்விட் பாரஃபின்'னு கேட்டா குடுப்பாங்க. மலச்சிக்கலுக்குக் குடுக்கிற அதே நிறமில்லாத, மணமில்லாத திரவம்தான்.

இன்னொரு சுவாரசியம்: இன்னைக்கு உலகம் முழுக்க நாணயத் தரத்தை 1-லேர்ந்து 70 வரைக்கும் மார்க் போட்டுச் சொல்றாங்களே, அந்த அளவுகோல் பிறந்ததும் இந்தச் செப்பு சென்ட்டை வச்சுத்தான். வில்லியம் ஷெல்டன் 1949-ல வெளியிட்ட புத்தகத்துல இருந்து வந்தது அது. இப்போ பிசிஜிஎஸ், என்ஜிசி மாதிரி தரச்சான்று நிறுவனங்கள், தேய்ச்சுச் சுத்தம் செஞ்ச காசுக்கு அந்த மார்க்கையே குடுக்க மாட்டாங்க. 'டீட்டெய்ல்ஸ்'னு மட்டும் எழுதி, 'சுத்தம் செய்யப்பட்டது'ன்னு காரணமும் போட்டுடுவாங்க. பரீட்சையில காப்பி அடிச்சவனோட பேப்பர் மாதிரி. எவ்வளவு நல்லா எழுதியிருந்தாலும் மார்க் இல்லை.

எந்தக் காசுக்குப் போடலாம், எதுக்குக் கூடாது

மினரல் ஆயில்னாலும் எல்லாக் காசுக்கும் போடக் கூடாது.

போடலாம்: புழங்கித் தேய்ஞ்ச, பழுப்பு நிறமான செப்பு, வெண்கலக் காசுகள். கம்பெனி காலணா, ஓட்டைக் காலணா, அம்மன் காசு, 1957-ல வந்த வெண்கல ஒரு நயா பைசா மாதிரி. அதுவும், அது காய்ஞ்ச நிலையில நல்லா இருந்தா அதுவும் தேவையில்லை.

போடக் கூடாது: வெள்ளிக் காசு. வெள்ளி கறுக்கிறது காத்துல இருக்கிற கந்தகத்தால. எண்ணெய் பூசினா தூசியும் கைரேகையும் ஒட்டி, நிறம் திட்டுத் திட்டா மாறும்.

போடக் கூடாது: புழங்காத, இன்னும் சிவப்பு மாறாத செப்புக் காசு. அதோட முழு விலையும் அந்தச் சிவப்புலயும் மினுமினுப்புலயும்தான். எண்ணெய் பட்டா அந்த மினுமினுப்பு மங்கிடும்.

போடக் கூடாது: அரசு நாணயச்சாலை பெட்டியில போட்டு விக்கிற புரூஃப் செட். பெட்டியையே திறக்காதீங்க.

போடவே கூடாது: வெளிர் பச்சைப் பொடி உதிர்ற காசு. இதைப் பத்திக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லணும்.

கெட்டியா, கரும்பச்சையா, வழவழப்பா இருந்தா அது பெரும்பாலும் பாட்டினா. பயமில்லை. ஆனா பல்குத்தும் குச்சியால மெல்லத் தொட்டாலே வெளிர் பச்சையா மாவு மாதிரி உதிர்ந்தா, அது 'வெண்கல நோய்'. காசுக்குள்ள புகுந்த குளோரைடு, ஈரத்தோடயும் ஆக்சிஜனோடயும் சேர்ந்து செம்பை அரிச்சுக்கிட்டே போகும். அரிக்கிறப்போ அந்தக் குளோரைடு தீர்றதும் இல்லை. மறுபடி மறுபடி சுத்தி வரும். கடற்கரைக் காத்து அடிக்கிற சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி வீடுகள்ல இதுல கூடுதல் கவனம் வேணும். இது மேல எண்ணெய் பூசுறது, உள்ள சீழ் இருக்கிற புண்ணு மேல பவுடர் போடுற மாதிரி. வெளியில பார்க்க நல்லா இருக்கும், உள்ள வேலை நடந்துக்கிட்டே இருக்கும். அந்தக் காசை மத்ததுலேர்ந்து பிரிச்சு, சிலிகா ஜெல்லோட காய்ஞ்ச டப்பாவுல வைங்க. மதிப்புள்ள காசா இருந்தா, பழம்பொருள் பராமரிப்புல பயிற்சி உள்ளவங்ககிட்ட காட்டுங்க.

போட்டே ஆகணும்னா, இப்படிப் போடுங்க

ஒரு விலை குறைஞ்ச, ரெண்டு மூணு இருக்கிற காசுல முதல்ல பழகுங்க. தாத்தாவோட ஒரே ஒரு காசுல பரிசோதனை வேண்டாம்.

1. மேசை மேல மெத்துன்னு ஒரு துண்டை விரிங்க. காசு கை தவறி விழுந்தா விளிம்பு அடிபடக் கூடாது. காசை எப்பவும் விளிம்புல மட்டும் பிடிங்க. விரல் ரேகையில இருக்கிற வியர்வை, செம்புல நிரந்தரமா அச்சு விழும்.

2. பழைய எண்ணெயோ பிளாஸ்டிக் பசையோ இருந்தா, கண்ணாடிக் கிண்ணத்துல சுத்தமான அசிட்டோன் ஊத்திக் காசை அதுல கொஞ்ச நேரம் விடுங்க. நெயில் பாலிஷ் ரிமூவர் ஆகாது. அதுல நிறமும் வாசனையும் சேர்த்திருப்பாங்க. அசிட்டோன் சட்டுனு தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி பக்கத்துல கூடவே கூடாது. ஜன்னலைத் திறந்து வைங்க.

3. வெளியே எடுத்து, துடைக்காம, தானா காய விடுங்க. அசிட்டோன் வேகமா ஆவியாயிடும்.

4. ஓவியம் வரையிற ரொம்ப மென்மையான பிரஷ் ஒண்ணை இதுக்குன்னே புதுசா வாங்குங்க. லிக்விட் பாரஃபின் ஒரே ஒரு சொட்டு. அது ரெண்டு பக்கத்துக்கும் போதும். பிரஷ்ஷை அழுத்தாம, தடவிக் குடுக்கிற மாதிரி பரப்புங்க.

5. கொஞ்ச நேரம் கழிச்சு, பிசிர் இல்லாத மெல்லிய துணியை மேல வச்சு ஒத்தி எடுங்க. தேய்க்காதீங்க. முடிவுல காசு ஈரமாத் தெரியக் கூடாது. 'எண்ணெய் போட்டிருக்கு'ன்னு பார்க்கிறவங்களுக்குத் தெரிஞ்சா, நீங்க அதிகமாப் போட்டுட்டீங்கன்னு அர்த்தம்.

தையல் மெஷின் எண்ணெய், பூட்டுக்கு அடிக்கிற ஸ்பிரே, வாசனை சேர்த்த பேபி ஆயில் எல்லாம் வேண்டாம். உள்ள என்னென்ன கலந்திருக்குன்னு நமக்குத் தெரியாது.

எண்ணெய்க்குப் பதிலா மெழுகு பூசுறவங்களும் இருக்காங்க. 1950-கள்ல பிரிட்டிஷ் மியூசியத்தோட ஆய்வுக்கூடத்துல உருவான 'ரெனசான்ஸ் வாக்ஸ்' அப்படி ஒண்ணு. எண்ணெய் மாதிரி தூசியை இழுக்காதுங்கிறது அதோட நல்ல குணம். அதுவும் மண்ணுல எடுத்த பழங்காசுகளுக்குத்தான் பொருத்தம்.

எண்ணெயை விட டப்பா முக்கியம்

என் காசு கெட்டதுக்கு எண்ணெய் பாதிக் காரணம். மீதிப் பாதி அந்த பிளாஸ்டிக் கவர்.

மெத்துன்னு வளையிற பிவிசி கவர், பிவிசி ஆல்பம் எல்லாம் காசுக்கு எதிரி. புது ரெயின்கோட் மாதிரி வாடை வந்தா அது பிவிசியா இருக்க வாய்ப்பு அதிகம். நாளாக ஆக அதுலேர்ந்து அமிலமும் ஒரு பிசுபிசுப்பும் வெளிய வந்து காசு மேல பச்சையாப் படியும். கடையில விக்கிற பல ஆல்பங்கள்ல இந்த வகை ஷீட்தான் இருக்கு. அதனால வாங்கும்போதே 'பிவிசி இல்லாதது'ன்னு கேட்டு வாங்குங்க.

மைலார் ஜன்னல் வச்ச சதுர அட்டை ஹோல்டர் விலை குறைவு, பாதுகாப்பும் நல்லா இருக்கும். முடிஞ்சா பசை தடவின வகையை வாங்குங்க. ஸ்டேப்ளர் பின் அடிக்கிற வகைன்னா பின் துருப்பிடிக்கும். காசை வெளிய எடுக்கும்போது பின் கீறினா அதுவும் நஷ்டம். எண்ணெய் பூசின காசை அட்டை ஹோல்டர்ல வச்சா அட்டை எண்ணெயை உறிஞ்சும்ங்கிறதையும் மறக்காதீங்க.

ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீங்க, அதுல கந்தகம் இருக்கு. மர அலமாரியில நேரா வைக்காதீங்க, மரத்துலேர்ந்து அமில ஆவி வரும். பூஜை அறையில மஞ்சள், குங்குமத்தோட வச்சிருக்கிற அம்மன் காசு பல வீடுகள்ல இருக்கு. அது சாமிக்கு வச்சதுன்னா அப்படியே இருக்கட்டும், அதுக்கு விலை பார்க்க வேண்டியதில்லை. சேகரிப்புக்குன்னா தனியா எடுத்து வைங்க.

பேங்க் லாக்கர்ல வச்சாலும் ஈரம் ஈரம்தான். காத்துப் புகாத டப்பாவுல சிலிகா ஜெல் பொட்டலம் ரெண்டு போட்டு, நிறம் மாறினா பொட்டலத்தை மாத்துங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை திறந்து பார்த்தாப் போதும். பார்க்கிறது மட்டும்தான் வேலை. பார்க்கும்போதெல்லாம் எதையாவது பூசணும்னு இல்லை.

வாங்குறவங்க கவனத்துக்கு

எண்ணெய் இன்னொரு வேலையும் செய்யும்: கீறலை மறைக்கும். தேய்ச்சுக் கெட்ட காசு மேல எண்ணெய் பூசினா அந்த நுண்ணிய கோடுகள் கண்ணுக்குத் தெரியாது, நிறமும் ஆழமாத் தெரியும். அதனால வாங்கும்போது விளக்கு வெளிச்சத்துல காசைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பாருங்க. பழைய காசு ஈரமா மினுங்கினா, விக்கிறவர்கிட்ட கேட்டுட்டு, விளிம்புல டிஷ்யூ பேப்பரை மெல்ல ஒத்துங்க. பேப்பர்ல எண்ணெய் ஏறினா, "இதைக் காய்ஞ்ச நிலையில காட்டுங்க"ன்னு தயங்காம கேளுங்க. ஆன்லைன்ல போட்டோ பார்த்து வாங்கும்போது இது ரொம்ப முக்கியம்.

அடுத்தது மோசடி. 'வைஷ்ணவ தேவி படம் போட்ட காசு இருந்தா லட்சக்கணக்குல பணம்'னு ஃபார்வர்ட் வரும். முதல்ல பதிவுக் கட்டணம், அப்புறம் கமிஷன், அப்புறம் வரின்னு உங்ககிட்டதான் பணம் கறப்பாங்க. ரிசர்வ் வங்கி இதைப் பத்தி 2021 ஆகஸ்ட்ல வெளிப்படையா எச்சரிக்கை குடுத்தது: பழைய நோட்டு, நாணயம் வாங்கி விக்கிற வேலையில நாங்க இல்லை, இதுக்குக் கட்டணமோ கமிஷனோ கேட்கிறதும் இல்லைன்னு. காசு விக்கிறவர் பணம் வாங்கணுமே தவிர கட்டக் கூடாது. இந்த ஒரு விதி ஞாபகம் இருந்தாப் போதும்.

சட்டத்துல ரெண்டு விஷயம். 1972-ம் வருஷச் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு தொல்பொருள் கணக்குல வரும். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. சிங்கப்பூர்ல இருக்கிற மச்சானுக்கு கூரியர் பண்றதும் இதுல அடக்கம். ரெண்டாவது, வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது மண்ணுக்குள்ள கிடைச்சா அது தாத்தா சொத்து இல்லை. 1878-லேர்ந்து இருக்கிற புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல மதிப்பிருந்தா கலெக்டருக்குத் தகவல் குடுக்கணும்.

அப்போ காசு ஒரு முதலீடா?

நேர்மையாச் சொல்றேன்: பெரும்பாலானவங்களுக்கு இல்லை.

ஒரு காசை 1,000 ரூபாய்க்கு வாங்குறீங்க. அடுத்த நாளே விக்கப் போனா, கடைக்காரர் தன்னோட லாபத்துக்கு இடம் விட்டுத்தான் விலை சொல்வார். 700 குடுக்கிறார்னு வைங்க. அந்த 700 மறுபடி 1,000 ஆகணும்னா 43 சதவீதம் ஏறணும். வருஷம் 8 சதவீதம் ஏறினாலும், போட்ட பணம் திரும்பி வரவே நாலரை வருஷத்துக்கு மேல ஆகும். நடுவுல வட்டி இல்லை, டிவிடெண்ட் இல்லை. என்னை மாதிரி வேலை போன மாசத்துல அவசரமா விக்கப் போனா, விலை பேசுற பலமும் நம்ம கையில இருக்காது.

அதனால ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட், ஹெல்த் இன்ஷூரன்ஸ், டேர்ம் இன்ஷூரன்ஸ், எஸ்ஐபி எல்லாம் சரியா ஓடினதுக்கு அப்புறம், ஆசைக்குன்னு ஒதுக்கின பணத்துல காசு வாங்குங்க. தாத்தா விட்டுட்டுப் போனது இருந்தா, அதைக் கெடுக்காம வைக்கிறதே பெரிய வருமானம்.

எனக்கு இதுல கிடைச்ச பாடம் காசுக்கு மட்டும் இல்லை. மார்க்கெட் கொஞ்சம் இறங்கினா எஸ்ஐபியை நிறுத்துறோம், ஃபண்டை மாத்துறோம், எதையாவது செஞ்சுக்கிட்டே இருக்கணும்னு கை துறுதுறுங்குது. புளியைக் கையில எடுத்த அந்த ஞாயித்துக்கிழமையும் அதே துறுதுறுப்புதான். நூறு வருஷம் தானா நல்லா இருந்த ஒண்ணை, ஒரு மணி நேரத்துல நான் 'சரி' பண்ணினேன்.

இந்த வாரக் கடைசியில உங்க வீட்டு டப்பாவைத் திறங்க. புளி வேண்டாம், எண்ணெய் வேண்டாம். ஒவ்வொரு காசையும் விளிம்புல பிடிச்சு ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க. வருஷம், உலோகம், எத்தனை இருக்குன்னு ஒரு ஷீட்ல எழுதுங்க. பிளாஸ்டிக் கவர்ல இருந்தா அதை மட்டும் மாத்துங்க. வேற எதுவும் செய்யாதீங்க. வீட்டுல பெரியவங்க இருந்தா, அந்தக் காசு எப்படி வந்ததுன்னு கேட்டு அதையும் எழுதிக்கோங்க. எங்க தாத்தாகிட்ட நான் கேட்காம விட்டது அதுதான்.

லிக்விட் பாரஃபின் பூசுறதை ஒரு சாதாரண ஓட்டைக் காலணாவை வச்சு நம்ம சேனல்ல செஞ்சு காட்டியிருக்கேன். செய்றதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடுங்க.

தாத்தாவோட நாலு அம்மன் காசு இப்பவும் என்கிட்ட இருக்கு. ஒரு சொட்டு எண்ணெய் கூடப் படலை. அம்மா மட்டும் விளக்கு தேய்க்கும்போதெல்லாம் கேட்கிறாங்க: "இதையும் கொண்டு போய் ஊற வைக்கலையா?"